பிள்ளை பெற்ற சிப்பாய்க்கு 365 நாள் சலுகை! தெரியுமா?

அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தால் துப்பாக்கியோடு தராசும் கூடவே வரும்! உயரத்துக்கு இவ்வளவுதான் எடை என்று பட்டியலே இருந்தது. அப்படியானால், பிள்ளை பெற்ற பெண் சிப்பாய்களின் கதி?

கர்ப்பமா? வீட்டுக்குப் போ!
1951-ல் அதிபர் ட்ரூமன் போட்ட உத்தரவு, கர்ப்பமான பெண்களைப் படையை விட்டு அனுப்ப வழி செய்தது. இந்தக் கட்டாய வெளியேற்றம் எப்போது நின்றது தெரியுமா? 1975-ல்தான்!

எதிர்த்து நின்ற நர்ஸ்!
1970-ல் வியட்நாமில் பணியில் இருந்தபோது கருவுற்றார் விமானப்படை நர்ஸ் கேப்டன் சூசன் ஸ்ட்ரக். கருவைக் கலைக்க வேண்டும், இல்லையேல் வேலையை விட வேண்டும் என்றது படை. இரண்டுக்கும் மறுத்து வழக்குப் போட்டார்! அவர் பக்கம் வாதாடியவர் யார் தெரியுமா? பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பெர்க்! வழக்கு உச்ச நீதிமன்ற விசாரணைக்கு வருமுன்பே விமானப்படை இறங்கி வந்துவிட்டது!

180 போய் 365!
முன்பு பிரசவமாகி 180 நாள்தான் அவகாசம் இருந்தது. அதற்குள் உடம்பு எடை வரம்புக்குள் வந்தாக வேண்டும்! 2022 ஏப்ரலில் தரைப்படை இதை 365 நாளாக்கியது. விமானப்படை முந்திக்கொண்டது, உடற்தகுதித் தேர்வுக்கு 2015-லேயே 12 மாத அவகாசம் தந்துவிட்டது!

அவகாசம் ஏன்?
வெறும் 70 கிராம் கருப்பை, பிரசவ நேரத்தில் ஒரு கிலோவைத் தொடும்! உடம்பில் ஓடும் ரத்தம் கிட்டத்தட்ட பாதி அளவு கூடும்! நம்ப முடிகிறதா?

வயசானால் சலுகை!
பட்டியலைவிட எடை கூடிவிட்டால் அடுத்து கொழுப்புக் கணக்கு வந்தது. பெண்களுக்கு 17 முதல் 20 வயது வரை உடம்பில் 30 சதவீதக் கொழுப்புக்கு இடம் இருந்தது. 40 வயதானால் 36 சதவீதம்!

தொப்புளில் டேப்!
கொழுப்பைக் கணக்கிட முன்பெல்லாம் பெண்களுக்குக் கழுத்து, இடுப்பு, பிட்டம் என மூன்று இடத்தில் டேப் வைத்து அளந்தார்கள். 2023-ல் ஒரே இடமானது. எந்த இடம் தெரியுமா? தொப்புளுக்கு நேரே வயிற்றைச் சுற்றி! கர்ப்பத்தில் அதிகம் விரிகிற அதே இடம்! ஒருமுறை அளந்ததோடு விடவில்லை, மூன்று முறை!

கொழுப்புக் கணக்கில் தோற்றால்?
பதவி உயர்வுக்குத் தடை! மாதம் 3 முதல் 8 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை முதல் மூன்றரை கிலோ குறைத்தால், முன்னேற்றம் உண்டு என்று ஒப்புக்கொள்வார்கள்!

540 எடுத்தால் டேப்பே வேண்டாம்!
2023-ல் இன்னொரு அதிசயம்! உடற்தகுதித் தேர்வில் 600-க்கு 540 எடுத்து, ஆறு பிரிவிலும் 80-க்குக் குறையாமல் இருந்தால் கொழுப்புக் கணக்கே கிடையாது என்றார்கள். பிள்ளை பெற்றவருக்கும் அப்போது இதே விதிதான் இருந்தது!