படகின் உண்மை எடை

படகு நீரில் உள்ளவரை மிதப்பு விசை அதன் எடையைத் தாங்குகிறது. படகுத்தூக்கி அதை உயர்த்த உயர்த்த, அவ்விசை குறைகிறது. அடிப்பகுதி நீரைவிட்டு நீங்கியதும் முழு எடையும் தூக்கியின் கம்பிவடங்களைச் சேர்ந்துவிடுகிறது.

அந்த எடை எவ்வளவு? விற்பனைக் குறிப்பில் காண்பது பெரும்பாலும் வெறும் படகின் எடையே. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். வெறும் படகு 1,500 கிலோகிராம், இயந்திரம் 200, 200 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 150, மின்கலம், நங்கூரம், கயிறு முதலியன 100. ஆக, 1,950 கிலோகிராம். 2,000 கிலோகிராம் தாங்கும் தூக்கி போதும் என்று தோன்றுகிறதல்லவா?

இரவில் மழை பெய்கிறது. படகின் உட்பரப்பு 8 சதுர மீட்டர் என்போம். 5 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் 0.4 கன மீட்டர். அதாவது 400 கிலோகிராம்! மொத்தம் 2,350. வடம் அறுந்தால் படகு மட்டுமன்று, கீழே நிற்பவர் உயிரும் போகலாம்.

எனவே, படகை இழுவண்டியுடன் எடைமேடையில் நிறுத்தி, வண்டியின் எடையைக் கழித்து உண்மை எடையை அறிய வேண்டும். அதைவிடத் தாராளமாகத் தாங்கும் தூக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படகு மேலேறியதும் வடிகால் அடைப்பைக் கழற்றவும் மறக்கக்கூடாது.

ஸ்காட்லாந்தில் 2002இல் திறக்கப்பட்ட ஃபால்கிர்க் சக்கரம் படகை நீர்த்தொட்டியோடு சேர்த்தே தூக்குகிறது. அங்கே படகின் எடையை அறிய வேண்டிய தேவையே இல்லை. ஏன்? ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கொண்டு சிந்தித்துப் பாருங்கள்!