ஒரு சட்டி எண்ணெயின் 35 ஆண்டுகள்

1990 ஜூலையில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அமெரிக்காவிலுள்ள தன் கடைகளில் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் பொரிக்க இனி மாட்டுக் கொழுப்பு கிடையாது, தாவர எண்ணெய்தான் என்றது. இதய நலனுக்காகக் குரல் கொடுத்து வந்தவர்கள் மகிழ்ந்தார்கள். அடுத்த மாதமே ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மென்சிங்க், காட்டான் இருவரின் கட்டுரை வெளியானது. தாவர எண்ணெயைக் கெட்டிப்படுத்தும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, ரத்தத்தின் கொழுப்புக் கணக்கை விலங்குக் கொழுப்பிலுள்ள நிறைவுற்ற கொழுப்புக்குக் குறையாத அளவில் குலைக்கிறது என்றது அந்தக் கட்டுரை. மெக்டொனால்ட்ஸ் மாறியிருந்ததோ அப்படிப் பாதி கெட்டிப்படுத்திய எண்ணெய்க்கு. கெடுதல் என்று தெரிந்த ஒன்றை எடுத்தவர்கள், அந்த இடத்தில் வைப்பது என்ன என்பதை அளந்து பார்க்கவில்லை. இன்று அதே அமெரிக்காவில் மாட்டுக் கொழுப்பே மேல், அதற்கே திரும்புவோம் என்ற முழக்கம் கேட்கிறது. இதுவும் அதே தவறு, திசை மட்டும் வேறு என்பதே என் வாதம். அதைச் சொல்ல, எண்ணெய்ச் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 170, 180 டிகிரி வெப்பத்தில் காய்ந்திருக்கும் எண்ணெயில் கிழங்குத் துண்டு விழுந்ததும் சடசடவென்று குமிழ்கள் கிளம்புகின்றன. கொதிப்பது எண்ணெய் என்றுதான் பார்க்கத் தோன்றும். உண்மையில் அது கிழங்கின் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் ஓசை. அந்த ஆவி வேகமாக வெளியே பாய்ந்துகொண்டிருக்கும்வரை எண்ணெயால் உள்ளே நுழைய முடியாது. துண்டின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாமல் தன் நீரிலேயே வேக, மேற்பரப்பு மட்டும் வறண்டு முறுகுகிறது. வறண்ட அந்தத் தோலில்தான் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. பிரான்ஸின் லூயி கமீல் மையார் 1912இல் விவரித்த வினை இது. சட்டியிலிருந்து எடுத்த பிறகு நடப்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். துண்டு ஆறத் தொடங்கியதும் உள்ளே மிஞ்சிய ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்குகிறது. அழுத்தம் குறைகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை நுண்துளைகள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ‘எண்ணெய் குடிக்கிறது’ என்று நம் சமையல்காரர்கள் சொல்வதில் பெரும்பங்கு அடுப்பிலிருந்து இறக்கிய பின்புதான் நிகழ்கிறது. ஃபிரைஸ் தட்டுக்கு வரும்போது அதன் எடையில் சுமார் 15 சதவீதம் கொழுப்பு. சட்டியில் எது இருந்ததோ, அது அப்படியே உணவின் ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது.

மெக்டொனால்ட்ஸின் ஃபிரைஸ் பெயர் பெற்றதற்குக் கிழங்கு, கொழுப்பு இரண்டுமே காரணம். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் கடை நடத்திய மெக்டொனால்ட் சகோதரர்கள் கிழங்கைக் கம்பிவலைத் தொட்டிகளில் போட்டு, பாலைவனக் காற்றுப்பட வைத்திருந்தார்கள். அவர்களிடம் உரிமம் பெற்று 1955இல் இல்லினாய்ஸில் தன் முதல் கடையைத் திறந்த ரே கிராக் அதே முறையில் பொரித்தும் ஃபிரைஸ் சொதசொதவென்று வந்தது. காரணம் காற்று என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, கடையின் நிலவறையில் மின்விசிறி வைத்துக் கிழங்கைப் பதப்படுத்தினார். அப்படி வைத்திருக்கும்போது கிழங்கிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறுகிறது. சர்க்கரை மிகுந்தால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிவிடும். மாவுச்சத்து மிகுந்தால் மொறுமொறுப்பு நிற்கும். 1960களின் பிற்பகுதியில் ஐடஹோவின் ஜே.ஆர். சிம்ப்ளாட்டிடமிருந்து உறைநிலை ஃபிரைஸ் வாங்கத் தொடங்கியபோது, இந்தப் பக்குவம் முழுவதும் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. பொரிக்கும் கொழுப்பில் 93 சதவீதம் மாட்டுக் கொழுப்பு, மீதி பருத்திக்கொட்டை எண்ணெய். அந்தக் கொழுப்பு சட்டியில் நாள் முழுக்கக் காய்ந்தாலும் எளிதில் கெடாது, ஆறிய பிறகு கையில் பிசுபிசுக்காது, இறைச்சி மணத்தையும் தரும். கடைக்காரருக்கு இதைவிட வசதியான பொருள் கிடைப்பது கடினம்.

அதன் குறை உடலுக்குள் தெரிந்தது. மாட்டுக் கொழுப்பில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. அது ரத்தத்தில் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் என்பதற்கு 1980களிலேயே வலுவான சான்றுகள் இருந்தன. ஒமாஹா நகரத் தொழிலதிபர் பில் சோகலோஃப் 1966இல் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர். அவர் தன் சொந்தப் பணத்தில் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்து, மெக்டொனால்ட்ஸைப் பெயர் சொல்லியே கண்டித்தார். நிறுவனம் இறங்கிவந்தது. ஆனால் சாதாரண தாவர எண்ணெயை அப்படியே சட்டியில் ஊற்ற முடியாது. அதன் மூலக்கூறுச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். சூட்டில் ஆக்சிஜன் தாக்கும் இடங்கள் அவை. அதனால் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். தொழில்துறையிடம் இதற்கு ஒரு விடை ஏற்கெனவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் கண்ட வழியில், நிக்கல் வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்தினால் எண்ணெய் நெய்போல இறுகும். நம் ஊரில் டால்டா என்றே பெயராகிப்போன வனஸ்பதி பிறந்ததும் இந்த வழியில்தான். ஹைட்ரஜனேற்றத்தைப் பாதியில் நிறுத்தும்போது, எஞ்சிய இரட்டைப் பிணைப்புகளில் ஒரு பகுதி தன் இயல்பான வளைவை இழந்து நிமிர்ந்துகொள்கிறது. இந்த நிமிர்ந்த வடிவம்தான் டிரான்ஸ். பொட்டலத்தில் இருப்பது தாவர எண்ணெய். உள்ளே இருக்கும் மூலக்கூறோ எண்ணெய் வித்தில் இல்லாத வடிவம்.

மென்சிங்கும் காட்டானும் செய்த சோதனை எளிமையானது, அதனாலேயே மறுக்கக் கடினமானது. 59 பேருக்கு மூன்று வாரங்கள் வீதம் மூன்று வகை உணவு. அன்றாட ஆற்றலில் 10 சதவீதத்தை ஒரு முறை ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு கொண்ட ஒலியிக் அமிலமாகவும், ஒரு முறை டிரான்ஸ் கொழுப்பாகவும், ஒரு முறை நிறைவுற்ற கொழுப்பாகவும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒலியிக் அமிலத்தோடு ஒப்பிட்டால் மற்ற இரண்டுமே எல்.டி.எல்.லைக் கூட்டின. ஆனால் டிரான்ஸ் மட்டும் எச்.டி.எல். எனும் நல்ல கொலஸ்ட்ராலையும் குறைத்தது. இரண்டு பக்கமும் அடி. பின்னர் வந்த பல ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. மாற்றத்தின் இன்னொரு விளைவு சுவையில் தெரிந்தது. மாட்டுக் கொழுப்பு போனதும் அதன் மணமும் போனது. அதை ஈடுகட்ட அமெரிக்காவில் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டி சேர்க்கப்பட்டது, ‘இயற்கைச் சுவையூட்டி’ என்ற பெயரில். தாவர எண்ணெய்தானே என்று நம்பி உண்ட சைவ உணவினரும் இந்துக்களும் வழக்குத் தொடர, 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்தியாவில் விற்கும் ஃபிரைஸில் அந்தச் சுவையூட்டி சேர்க்கப்படவில்லை. எதை நீக்கினோம் என்று உரக்கச் சொன்னவர்கள் எதைச் சேர்த்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டதற்கு இது இரண்டாவது சாட்சி.

முப்பது ஆண்டு கழித்துக் குறை சொல்வது எளிது, 1990இல் யாருக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சோகலோஃபை நான் குற்றம் சொல்லவில்லை. நிறைவுற்ற கொழுப்பு பற்றி அவர் சொன்னது இன்றும் நிற்கிறது. 1990 ஜூலையின் முடிவைவிட எனக்கு வருத்தம் தருவது அதற்குப் பின் ஓடிய காலம். டிரான்ஸின் தீங்கு அச்சேறிய பிறகும், அமெரிக்க மெக்டொனால்ட்ஸின் ஃபிரைஸ் அதிலிருந்து முழுமையாக விடுபட 2008 ஆகிவிட்டது. டென்மார்க் அவ்வளவு காத்திருக்கவில்லை. 2003இலேயே தொழிற்சாலை வழி உருவாகும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2 சதவீதம் என்று சட்டப்படி வரம்பு விதித்தது. அதன் பலனை டென்மார்க் மருத்துவர் ஸ்டீன் ஸ்டெண்டரும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட அளவீட்டில் பார்க்கலாம். 2004, 2005இல் பல நாடுகளில் மெக்டொனால்ட்ஸ், கே.எஃப்.சி. கடைகளில் ஃபிரைஸும் கோழித் துண்டுகளும் வாங்கிச் சோதித்தார்கள். அதே பெயர், அதே அளவுச் சாப்பாடு. கோபன்ஹேகன் மெக்டொனால்ட்ஸில் டிரான்ஸ் கொழுப்பு 1 கிராமுக்கும் குறைவு, நியூயார்க்கில் சுமார் 10 கிராம். உலகமெங்கும் ஒரே சுவை என்று விற்கப்படும் ஒரு பண்டம் வேதியியலில் ஊருக்கு ஊர் வேறாக இருந்திருக்கிறது. மாற்றுப் பொருள் கிடைக்கவில்லை என்ற சாக்கை இந்த ஒரு ஒப்பீடே காலி செய்துவிட்டது.

நீக்கினால் பலன் உண்டா என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. நியூயார்க் நகரம் 2006இல் உணவகங்களில் டிரான்ஸ் கொழுப்பைக் கட்டுப்படுத்தும் விதியை நிறைவேற்றியது. துரித உணவுக் கடைகளின் ஆயிரக்கணக்கான ரசீதுகளை வைத்து 2007ஐயும் 2009ஐயும் ஒப்பிட்டபோது, ஒரு முறை வாங்கும் உணவில் டிரான்ஸ் சராசரியாக 2.4 கிராம் குறைந்திருந்தது. நிறைவுற்ற கொழுப்பு சற்றே கூடியிருந்தது, ஆனால் குறைந்ததைவிடக் கூடியது மிகச் சிறிது. நான் வற்புறுத்தும் கணக்கு இதுதான். எடுத்ததோடு நிறுத்தாமல் அந்த இடத்துக்கு வந்ததையும் அளந்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் தடை இருந்த மாவட்டங்களையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு, தடை வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மாரடைப்பு, பக்கவாதத்துக்காக மருத்துவமனையில் சேருவது கூடுதலாக 6 சதவீதம் அளவுக்குக் குறைந்தது என்கிறது.

இனி இன்றைய முழக்கத்துக்கு வருவோம். 2025இல் அமெரிக்காவின் ஸ்டேக் அண்ட் ஷேக் நிறுவனம் தன் ஃபிரைஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கத் திரும்பியது. அந்நாட்டு சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர் அதைப் பாராட்டினார். விதை எண்ணெய்கள் நஞ்சு, விலங்குக் கொழுப்பே இயற்கை என்பது இந்தத் தரப்பின் பேச்சு. இவர்களிடம் ஒரு வலுவான சான்று உண்டு. 1968 முதல் 1973 வரை நடந்த மினசோட்டா ஆய்வின் பழைய தரவுகளைத் தோண்டியெடுத்து 2016இல் வெளியிட்டபோது, மக்காச்சோள எண்ணெய்க்கு மாறியவர்களின் கொலஸ்ட்ரால் குறைந்தும் இறப்பு குறையவில்லை என்று தெரிந்தது. இதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஆனால் அதில் கலந்துகொண்ட பெரும்பாலோர் ஓராண்டுக்கும் குறைவாகவே அந்த உணவை உண்டவர்கள். அவர்களுக்குத் தரப்பட்டதில் மார்ஜரினும் இருந்ததால், டிரான்ஸ் கலந்திருக்கலாம் என்ற ஐயமும் நீங்கவில்லை. குறைந்தது இரண்டு ஆண்டு நீடித்த சோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதய ரத்தநாளப் பாதிப்புகள் 17 சதவீதம் குறைந்ததாகக் காட்டுகிறது. இறப்பில் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொல்கிறது. நன்மை சிறிது என்று வாதிடலாம். மாட்டுக் கொழுப்பே மருந்து என்று வாதிட இதில் இடமில்லை.

விதை எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்தால் கெடும், ஆல்டிஹைடுகள் உருவாகும் என்ற எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. அதற்கு மாட்டுக் கொழுப்பு ஒன்றுதான் விடை என்பது மட்டும் உண்மையில்லை. ஒலியிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி, கனோலா ரகங்களை வளர்த்தெடுத்திருக்கிறார்கள். அவற்றில் ஆக்சிஜன் தாக்கும் இடங்கள் குறைவு, நிறைவுற்ற கொழுப்பும் குறைவு, டிரான்ஸும் இல்லை. தவிர, மாட்டுக் கொழுப்புக்கு மாறிய கடை என்றதும் பாட்டி காலத்து உணவு திரும்பிவிட்டது என்று எண்ணுவது தவறு. உறைநிலை ஃபிரைஸ் தொழிற்சாலையிலேயே ஒரு முறை எண்ணெயில் பொரிந்துதான் வருகிறது. எந்த எண்ணெயில் என்று கடையின் விளம்பரப் பலகை சொல்வதில்லை. கிழங்கிலேயே உள்ள அஸ்பராஜின், சர்க்கரையோடு சேர்ந்து 120 டிகிரிக்கு மேல் அக்ரிலமைடு எனும் புற்றுநோய் ஐயத்துக்குரிய பொருளாக மாறுகிறது என்பது 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்களின் அறிவிப்பைத் தொடர்ந்து தெரியவந்தது. கொழுப்பை மாற்றினால் அது போய்விடாது. எவ்வளவு உண்கிறோம் என்பதும் கொழுப்பை மாற்றுவதால் மட்டும் சரியாகிவிடாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட சோதனையில், 20 பேருக்கு இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்திய ‘மிகைப்பதன’ உணவும் இரண்டு வாரம் எளிய உணவும் கொடுத்தார்கள். வைக்கப்பட்ட உணவில் கொழுப்பு, சர்க்கரை, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். இருந்தும் மிகைப்பதன உணவின்போது ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்.

இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் தொழிற்சாலை வழி உருவாகும் டிரான்ஸின் வரம்பு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம். பொரித்த எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மேலும் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 முதல் இருக்கிறது. இரண்டுமே நல்ல விதிகள். காரணம், அவை எண்ணெயின் பெயரைப் பார்க்காமல் சட்டியில் உண்மையில் இருப்பதை அளக்கச் சொல்கின்றன. சூடான எண்ணெயில் முனையை அமிழ்த்தினால் சில நொடிகளில் சதவீதத்தைக் காட்டும் கையடக்கக் கருவிகள் சந்தையில் உண்டு. பெரும்பாலான அடுப்படிகளில் இன்னமும் நுரையையும் நிறத்தையும் வாடையையும் பார்த்துத்தான் எண்ணெயை மாற்றுகிறார்கள், அதுவும் மாற்றினால்தான். 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி அளவை அச்சிட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே பொரித்த எண்ணெயின் பெயரையும், கடைசியாக மாற்றிய நாளையும், அன்றைய அளவீட்டையும் எழுத ஒரு வரி போதும்.