பசுவே இல்லாத மாட்டுப் பண்ணை... கிடேரியை மட்டும் வைத்து நடத்த முடியுமா? அரக்கோணத்துக்கு இதில் என்ன இருக்கு?

அரக்கோணம், திருத்தணி பக்கம் கிடேரி பிடிக்கப் போகிறவர்கள் முதலில் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பார்கள். ரெண்டு பல் போட்டிருந்தால் ஏறத்தாழ இரண்டு வயது தாண்டியாச்சு என்று கணக்கு. அமெரிக்க இறைச்சிக்கூடங்களிலும் பல்லைப் பார்க்கிறார்கள். ஆனால், அங்கே கேள்வி வேறு. இந்த மாடு 30 மாதத்தைத் தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் விலை இறங்கும்.

அந்த 30 மாதத்துக்குள் ஒரு கிடேரியிடமிருந்து ஒரு கன்றையும் எடுத்துக்கொண்டு, பிறகு அதை இறைச்சிக்கும் அனுப்ப முடியுமா? கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் சைடல், முடியும் என்றார். முதிர்ந்த பசுக்களே இல்லாமல் மாட்டிறைச்சி உற்பத்தி செய்வது பற்றி சக ஆய்வாளருடன் சேர்ந்து 2015-ல் கட்டுரையும் எழுதினார். 'எல்லாம் கிடேரி, பசு கிடையாது' என்பதுதான் இந்த முறைக்குப் பெயர்.

இது எப்படி வேலை செய்யும்?

வழக்கமான இறைச்சி மாட்டுப் பண்ணையில் தாய்ப்பசு வருஷத்துக்கு ஒரு கன்று போடும். அதற்காக வருஷம் முழுக்கத் தின்னும். பண்ணையின் மொத்தத் தீவனத்தில் பாதிக்கு மேல் தாய்ப்பசுக்களுக்கே போய்விடுகிறது. கிடேரி கதை வேற. சினையாக இருக்கும்போதே அதுவும் வளர்கிறது. தின்பதில் ஒரு பங்கு விற்கக்கூடிய எடையாகவும் மாறுது.

14, 15 மாதத்தில் சினை ஊசி. சினைக்காலம் சுமார் 280 நாள். இரண்டு வயதில் கன்று. கன்றைச் சீக்கிரமே பால் மறக்க வைத்து, தாயைத் தேற்றி, 30 மாதத்துக்குள் விற்றுவிடுவார்கள். பிறந்தது கிடேரிக் கன்றாக இருந்தால், அது தாயின் இடத்துக்கு வரும்.

காளைக் கன்றாகப் பிறந்தால்? இங்கேதான் பாலினம் பிரித்த உறைவிந்து வருகிறது. மாட்டில் எக்ஸ் விந்தணுவில் டிஎன்ஏ சுமார் 4 சதவீதம் அதிகம். சாயம் ஏற்றி லேசர் ஒளியில் பார்த்தால் அது கொஞ்சம் பிரகாசமாகத் தெரியும். இயந்திரம் அதைத் தனியாகப் பிரித்தெடுக்கும். இந்த ஊசி போட்டால் பிறப்பதில் சுமார் 90 சதவீதம் கிடேரிக் கன்றுகள்.

ஆனாலும் கணக்கு முழுசா இடிக்காமல் இல்லை. 100 கிடேரியில் 80 கன்று போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 72 தான் கிடேரிக் கன்று. மீதி 28-ஐ ஒவ்வொரு தலைமுறையிலும் வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும்.

நம்ம ஊரில் செய்யலாமா?

முடியாது. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958-ன்படி, 10 வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு அல்லது தீராத நோய், ஊனம் உள்ள மாடு என்று சான்றிதழ் வாங்கினால்தான் அறுக்க முடியும். பசுவையும் கிடேரியையும் அறுக்க 1976 அரசாணை தனியாகத் தடை போட்டது. திருத்தணியைத் தாண்டினால் ஆந்திரா. அங்கேயும் 1977 சட்டம் பசுவதையைத் தடை செய்கிறது.

இன்னொன்று, இங்கே மாடு வளர்ப்பது பாலுக்கு. முதல் கன்றோடு கிடேரியை அனுப்பிவிட்டால் அடுத்தடுத்த ஈற்றுகளின் பால் போச்சு.

அப்போ இதில் எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லையா?

இருக்கு. சீக்கிரம் சினைக்கு விடுவது என்ற பாதி, பால் பண்ணைக்கும் பொருந்தும். கிடேரி முதல் கன்று போடும் வரை வெறும் செலவுதான். ஒரு நாள் தீவனம் 100 ரூபாய் என்று வைத்தால், பருவத்தை ஒரு முறை தவறவிட்டாலே அடுத்த பருவத்துக்கு 21 நாள், அதாவது 2,100 ரூபாய்.

வயதை விட எடை முக்கியம். கலப்பினக் கிடேரி சுமார் 250 கிலோ வந்த பிறகு ஊசி போடலாம். அதற்கு முன்பே அவசரப்பட்டால் கன்று ஈனும்போது சிக்கும். எடை மேடை இல்லையா? ஒரு டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 58, நீளம் 49 என்றால் சுமார் 250 கிலோ.

காலையில் மாடு கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. பாலினம் பிரித்த ஊசியில் சினை பிடிக்கும் வாய்ப்பு சாதாரண ஊசியைவிடக் குறைவு. அதனால் நல்ல உடல்நிலையில் இருக்கும் கிடேரிக்குப் போடச் சொல்கிறார்கள். கிடேரிக் கன்று கொஞ்சம் சிறிதாக இருப்பதால் முதல் ஈற்றும் சுலபம்.

காளைக் கன்று பிரச்சினை தீர்ந்ததா?

ஒரு பக்கம் தீரும். இன்னொரு பக்கம் கூடும். 2012-க்கும் 2019-க்கும் இடையே நாட்டில் ஆண் மாடுகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன, பெண் மாடுகள் 18 சதவீதம் கூடின என்கிறது கால்நடைக் கணக்கெடுப்பு. எல்லாமே கிடேரியாகப் பிறந்தால், எட்டு, பத்து வருஷம் கழித்து கறவை நின்ற பசுக்களும் அந்த அளவுக்கு நிற்கும். சந்தையில் அடிமாடாக விற்பதற்கு 2017 மே மாதம் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. வாங்க ஆள் இல்லாத பசுவுக்கும் தினமும் அதே 100 ரூபாய் தீவனம்தான். பாலினம் பிரித்த ஊசியை ஊக்குவிக்கும் திட்டங்கள் இந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை.