சுருக்குப்பையின் வழித்தோன்றல்

ஆடவர் சட்டைக்கு மார்பிலே ஒரு பை, காற்சட்டைக்கு இருபுறமும் இரண்டு, போதாததற்குப் பின்புறம் ஒன்று என்று யாரும் கேளாமலே வைத்துத் தந்துவிடுகிற நம் தையற்காரருக்கு, பெண்ணின் ரவிக்கைக்கோ சுடிதாருக்கோ பை வைக்கவேண்டும் என்பது பெரும்பாலும் நினைவிலே வருவதில்லை. புடைவையோ தைக்கப்படாத வஸ்திரம். அதிலே பைக்கு இடமேது? ஆயினும் காசும் சாவியும் பெண்களுக்கும் உண்டல்லவா? ஆகவேதான் நம் பாட்டிமார் முந்தானையில் முடிச்சிட்டுக் காசை வைத்தார்கள். அதனினும் மேலான சாதனமாகச் சுருக்குப்பையை இடுப்பிலே செருகிக்கொண்டார்கள்.

சுருக்குப்பையைச் சாமானிய வஸ்துவாக எண்ணிவிடலாகாது. வீட்டிலே மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே இரண்டோ மூன்றோ அறைகள் அமையுமாறு மடித்துத் தைத்து, வாய்ப்புறத்தில் எதிரெதிராக இரண்டு கயிறுகளைக் கோத்து, இரண்டையும் ஒருசேர இழுத்தால் வாய் இறுக மூடிக்கொள்ளுமாறும், விரலைவிட்டு அகற்றினால் நொடியில் திறந்துகொள்ளுமாறும் அமைத்த அந்தப் பாட்டி, எந்தப் பள்ளியிலும் தையல் பயின்றவளல்லள். ஓர் அறையிலே வெற்றிலையும் பாக்கும், மற்றோர் அறையிலே சில்லறையும் சாவியும், இவற்றோடு சுண்ணாம்புக் கரண்டகம் ஒன்றும் அதற்குள் அடங்கின. ஐரோப்பாவிலும் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பெண்கள் துணிப்பைகளை நாடாவிலே கோத்து, இடுப்பைச் சுற்றிப் பாவாடைக்குள்ளே கட்டிக்கொண்டார்கள். ஆண்களின் உடையில் பை உடையோடு சேர்த்தே தைக்கப்பட்டது. பெண்கள் அதைத் தனியே செய்து தனியே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தேசங்கள் வேறானாலும் குறை ஒன்றே, அதற்குக் கண்ட பரிகாரமும் ஒன்றே.

அந்தக் குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. சென்னையிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயிலிலே காலை ஷிப்டுக்குப் போகிற பெண்களைப் பாருங்கள். கழுத்திலே அடையாள அட்டை, தோளிலே ஒரு பை. அதன் ஆழத்திலே சாப்பாட்டு டப்பா, தண்ணீர்ப் பாட்டில், குடை, கைபேசி ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் எங்கோ ஒரு மூலையில் விரலளவு லிப் பாம் குழல். வேண்டிய நேரத்தில் அது அகப்படுவதில்லை. அகப்படும்போது மூடி கழன்று, சாவியிலும் சீப்பிலும் மெழுகு அப்பிக் கிடக்கிறது. இந்தச் சிறு தொல்லைக்கு ஏற்ற பரிகாரம், சாவிக்கொத்திலே கோத்துக்கொள்ளத்தக்க ஒரு துணி உறை. அதைச் சுருக்குப்பையின் நேர் வாரிசாகவே நான் கருதுகிறேன். வீட்டில் தையல் கற்கத் தொடங்குகிற எவருக்கும் முதற்பாடமாக அமைய அதைவிடத் தகுதியான பொருள் வேறில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

உதட்டுக்கு இத்தனை உபசாரம் அவசியமா என்று சிலர் கேட்கக்கூடும். உடம்பின் ஏனைய தோலுக்கு எண்ணெய்ப் பசையைத் தருகிற சுரப்பிகள் உதட்டின் சிவந்த பகுதியில் பெரும்பாலும் இல்லை. அதன் மேலடுக்கும் மிக மெல்லியது. ஆதலால் மார்கழி, தை மாதத்து வறண்ட காற்றிலும், இரும்பு உருக்கும் பட்டறையின் வெக்கையிலும், நாள் முழுதும் ஏ.சி. ஓடும் கூடத்திலும் முதலில் காய்ந்து வெடிப்பது உதடுதான். நாவினால் நனைத்துக்கொண்டால் அந்த ஈரம் ஆவியாகும்போது உள்ள பசையும் போய், வெடிப்பு அதிகமாகும். நம் வீடுகளில் இரவு படுக்குமுன் நெய்யோ வெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவிக்கொண்டதும் இதற்காகத்தான். அமெரிக்காவில் வெர்ஜீனியா மாகாணத்து லிஞ்ச்பர்க் நகரில் சார்லஸ் பிரௌன் பிளீட் என்பவர் 1880களில் இதையே மெழுகுக் குச்சியாக்கினார். 1912-இல் ஜான் மார்ட்டன் என்பவர் ஐந்தே டாலருக்கு அந்த உரிமையை வாங்கினார். மார்ட்டனின் மனைவி தம் சமையலறையிலேயே கலவையைக் காய்ச்சி, ஆறவைத்து, குச்சிகளாக நறுக்கித் தந்தார் என்பது அந்தச் சரக்கின் பூர்வ கதை. தேன்மெழுகு உருக 62 பாகை செல்ஷியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். தேங்காயெண்ணெயோ 24 பாகையிலேயே இளகிவிடும். இரண்டையும் கலந்து செய்த குச்சி கத்தரி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் குழைந்து போவதில் வியப்பில்லை. ஆகவே உறைக்கு உள்துணி ஒன்று வேண்டும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வோம்.

துணிக்கு எங்கும் அலைய வேண்டுவதில்லை. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஏரிக்கரையிலுள்ள பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1610-இல் பண்டகசாலை அமைத்து, 1613-இல் கெல்டிரியா என்ற கோட்டையையும் எழுப்பியதற்கு முக்கிய காரணம், இந்தக் கடற்கரைப் பிரதேசத்து நெசவாளர் நெய்த பருத்தித் துணியே. அதைக் கொண்டுபோய்த்தான் கிழக்கிந்தியத் தீவுகளிலே வாசனைத் திரவியங்களைப் பண்டமாற்றாகப் பெற்றார்கள். பிற்காலத்தில் சென்னையைச் சுற்றிய தறிகளில் நெய்த கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி மேற்கு ஆப்பிரிக்கா வரையில் சென்றது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி இனத்துப் பெண்கள் அந்தக் கட்டத் துணியை அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. கூரிய கத்தியால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, நெய்தவன் எண்ணியிராத புதிய கோலங்களை அதிலே தோற்றுவித்தார்கள். நம் தறியில் பிறந்த துணி கடல் கடந்துபோய் வேறொரு பெண்ணின் கைவண்ணத்தால் இரண்டாம் பிறவி எடுத்தது என்று எண்ணும்போது என் மனம் பூரிக்கிறது.

இன்றும் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்கள் தறியோசையோடுதான் விழிக்கின்றன. கைத்தறி பெரும்பாலும் விசைத்தறியாகிவிட்டது என்பது மட்டுமே மாறுதல். லுங்கித் துணியின் கட்டம் இந்த உறைக்கு வெகு பொருத்தம். அதுவும் இல்லையெனில், தெருமுனைத் தையற்கடையில் ரவிக்கை வெட்டி மிஞ்சிய துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும். கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள். திருப்பூர்ப் பனியன் வேஸ்ட், பட்டறைகளில் இயந்திரத்து எண்ணெயைத் துடைக்கும் பணிக்காவது போய்ச் சேருகிறது. நம் ஊர் ரவிக்கைத் துண்டுகளுக்கோ குப்பையைத் தவிர வேறு கதியில்லை.

இனித் தைக்கும் முறைக்கு வருவோம். சாதாரண லிப் பாம் குழல் ஏறத்தாழ 2¾ அங்குல உயரமும், 2 அங்குலச் சுற்றளவும் உடையது. வெளித்துணி ஒன்று, உள்துணி ஒன்று. இரண்டும் 8 அங்குல நீளம், 2¼ அங்குல அகலம். ஒரு மீட்டர் நீளமும் 44 அங்குலப் பன்னாவும் கொண்ட துணியில் இத்தகைய கீற்றுகள் 85 வெட்டலாம் என்றால், ஓர் உறைக்கு எத்துணைச் சிறிய துண்டு போதும் என்பது விளங்கும். பருத்தித் துணியாயின் வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடவேண்டும். தைத்தபின் சுருங்கினால் குழல் உள்ளே போகாது. கட்டத் துணியாயின் கட்டத்தின் கோட்டையே வெட்டுக்கோடாகக் கொள்ளுதல் உத்தமம். கோணல் ஏற்பட்டால் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடுமாதலால், அந்தக் கட்டமே தைப்பவருக்கு ஓர் ஆசானாகிவிடுகிறது. வெளித்துணியின் மாறுபக்கத்தில், காலருக்கு வைக்கும் கேன்வாஸில் மெல்லிய ரகத்தை ஒட்டிக்கொண்டால் உறை தொய்யாது. உள்துணி நெருக்கமாக நெய்ததாயிருக்கட்டும். மெழுகு எளிதில் ஊடுருவாது.

சாவி வளையத்தைக் கோப்பதற்கு, 3 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உள்ள துண்டை நீளவாட்டில் நான்காக மடித்து, ஓரத்தோரமாகத் தைத்து, அரை அங்குல நாடாவாக்கிக்கொள்ளவேண்டும். அதை இரண்டாக மடித்து, வெளித்துணியின் நல்ல பக்கத்தின்மேல், ஒரு முனையிலிருந்து 2¼ அங்குலம் தள்ளி, நீள ஓரத்தில், மடிப்பு உட்புறம் நோக்குமாறு வைத்து நாலு தையல் போட்டு நிறுத்துங்கள். அதன்மேல் உள்துணியை, நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு சேருமாறு கவிழ்த்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டு நாற்புறமும் தையல் ஓட்டவேண்டும். எதிர்ப்புற நீள ஓரத்தில், நாடா இல்லாத முனைக்கு அருகே, ஒன்றரை அங்குலம் மட்டும் தைக்காமல் விட்டுவைக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் அடிக்கடி மறந்துபோவது இந்த இடைவெளியைத்தான். நாற்புறமும் அடைத்துவிட்டால் திருப்புவதற்கு வழியின்றிப் பிரித்துத்தான் ஆகவேண்டும். நாடா இருக்குமிடத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு முறை தையலை ஓட்டுங்கள். சாவிக்கொத்தின் பாரமெல்லாம் அங்கேதான் இறங்குகிறது.

மூலைகள் நான்கையும், தையலை வெட்டிவிடாமல், குறுக்காகக் கத்தரித்தபின் அந்த இடைவெளி வழியே துணியை மெல்லத் திருப்பவேண்டும். இது அவசரத்துக்கு இணங்காத கட்டம். மூலையைக் கூர்மையாக்க ஊசியையோ கத்திரிக்கோல் முனையையோ உபயோகித்தால் துணி கிழியும். மழுங்கிய பென்சிலே போதுமானது. பிறகு இஸ்திரி. தையற்கடையிலே பார்த்திருப்பீர்கள், கைதேர்ந்தவர் ஒவ்வொரு தையலுக்குப் பின்னும் இஸ்திரிப் பெட்டியை நாடுவார். வீட்டில் தைப்பவரோ எல்லாம் முடிந்தபின் ஒருமுறை தேய்த்தால் போதுமென்று இருந்துவிடுவார். கடைத் தையலுக்கும் வீட்டுத் தையலுக்கும் உள்ள வேற்றுமையில் பாதி இதிலே அடங்கியிருக்கிறது.

இஸ்திரி போட்டதும், நாடா இல்லாத முனையை உள்துணி உட்புறம் வருமாறு 2¾ அங்குலம் மேலே மடித்துக்கொண்டால் பை உருவாகும். எதிர்முனை மூடியாகக் கவியும். இப்போது விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே, ஒரு பக்கம் அடியிலிருந்து தொடங்கி, மூடியைச் சுற்றி, மறுபக்கம் அடிவரை ஒரே ஓட்டமாகத் தைத்துவிட்டால் பையின் இருபுறமும் மூடிக்கொள்ளும். முன்பு திறந்துவிட்ட இடைவெளியும் அந்தத் தையலிலேயே அடைபட்டுப்போகும். அடிப்புறம் துணி பல அடுக்காகத் திரண்டிருப்பதால் இயந்திரத்தை வேகமாக மிதிக்காமல், சக்கரத்தைக் கையாலேயே சுழற்றி அந்த இடத்தைக் கடப்பது நல்லது. இயந்திரம் இல்லாதோர் கெட்டித் தையலால் கையிலேயே தைக்கலாம். உழைப்புக்கு அது சற்றும் குறைந்ததன்று. மூடிக்கு ஒரு டிக் பட்டன் வைத்து, நாடாவிலே வளையத்தைக் கோத்தால் வேலை பூர்த்தியாயிற்று.

அளந்து வெட்டுதல், ஒட்டுக் கொடுத்தல், திருப்புதல், மூலை எடுத்தல், ஓரத்தையல், பட்டன் வைத்தல் என ரவிக்கை தைப்பதற்கு வேண்டிய அப்பியாசத்தில் பெரும்பகுதி இந்த எட்டங்குலக் கீற்றிலே கைவந்துவிடுகிறது. கெட்டுப்போனாலும் நஷ்டம் ஒரு கந்தல் துண்டுதான். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக அரசு வழங்கும் இலவசத் தையல் இயந்திரம் பல எளிய வீடுகளில் இருக்கிறது. சமூக நலத்துறையின் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிச் சீருடைகளைத் தைத்துத் தருகின்றன. சீருடைப் பணி ஓய்ந்திருக்கும் மாதங்களில் இத்தகைய சிறுபொருள்களைச் செய்து, சிறுவாபுரி முருகன் கோயில் வாசலிலும், ஆடி மாதத்துப் பெரியபாளையத்திலும், ஆடிக் கிருத்திகைத் திருத்தணியிலும் பிளாஸ்டிக் சாவி வளையங்கள் தொங்கும் கடைகளுக்கு அருகே தொங்கவிட்டால், வாங்குவார் இருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தால் துணிப்பையைக் கையில் எடுத்துச் செல்லும் கூச்சம் ஒருவாறு நீங்கியிருக்கிறது; அந்த நல்ல காலத்தில் சிறிய பைக்கும் இடமுண்டு.

உபயோகிப்போர்க்கு இரண்டொரு வார்த்தை. மெழுகு படிந்தால் வெந்நீரும் சோப்பும் போட்டு அலசினால் போய்விடும். பச்சைத் தண்ணீரில் போகாது. தொழிற்சாலையில் சுழலும் இயந்திரத்தருகே நிற்கும்போது இதைக் கழுத்துப் பட்டையிலோ இடுப்பிலோ தொங்கவிடவே கூடாது. லாக்கரிலே வைத்துவிட்டுத்தான் செல்லவேண்டும். ஜலதோஷத்துக்கு முகர்கின்ற இன்ஹேலர் குழலும் ஏறத்தாழ இதே பருமனாதலால், வீட்டுப் பெரியவர்களுக்கும் இவ்வளவிலேயே ஒன்று தைத்துத் தரலாம். தைலப் புட்டி போன்ற வேறு பொருளாயின், அதன் சுற்றளவை டேப்பால் அளந்து, அதனோடு ஓர் அங்குலம் கூட்டிப் பாதியாக்கி, முக்கால் அங்குலம் சேர்த்தால் துணியின் அகலம். உயரத்தை இரட்டித்து இரண்டரை அங்குலம் சேர்த்தால் நீளம்.