வெள்ளிக் கரண்டிகளும் ஒரு மிக்-21ம்

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். சட்டையையும் ஒருமுறை உதறிக்கொண்டால் அண்ணன் ரொம்ப சந்தோஷப்படுவார். ஓசூரில் பாகலூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து, மாடியில் ஒற்றை அறை, கதவில் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில் ஓர் அட்டை: ‘பெயின்ட் காயுது. கதவை வேகமா திறக்காதீங்க.’ இதற்குப் பின்னால்தான் மிக்-21 போர்விமானம் ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது. கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிவிட்டேன். வாங்க, மெதுவாக நுழைவோம்!

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது ஐஸ்கிரீம் கரண்டிகள். ஜன்னலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, துணி கிளிப் மாட்டி, வரிசையாகத் தொங்குகின்றன. ஒன்று கண்ணாடி போல மின்னுகிறது, ஒன்று சாம்பல் பூத்திருக்கிறது, இன்னொன்றில் லேசான நீலம். கலக்கிய வண்ணத்தை விமானத்தில் அடிப்பதற்கு முன் கரண்டியில் அடித்துப் பார்ப்பது மாதிரி விமானம் கட்டும் கலைஞர்களின் வழக்கமாம். விமானத்தின் உடலும் கரண்டியின் முதுகும் ஒரே மாதிரி வளைவதால் வெளிச்சம் எப்படி வழுக்கும் என்று தெரிந்துவிடும். “ஊர்லேர்ந்து வந்த எங்க பெரியம்மா, ‘இத்தனை வெள்ளிக் கரண்டியை ஏண்டி ஜன்னல்ல தொங்கவிட்டிருக்கே’ன்னு கேட்டாங்க” என்று அண்ணி சொல்லும்போது அண்ணனே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

அவருக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் வேலை. பெயர் போட வேண்டாம், ‘அண்ணன்’னே எழுதுங்க என்றார். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு மாடி ஏறினால், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை இறங்க மாட்டார். மேஜையைப் பாருங்கள்! மருந்துக்கடை சிரிஞ்சுகள், தேய்ந்த டூத் பிரஷ், அண்ணியிடமிருந்து ‘கடன்’ வாங்கிய நகம் தேய்க்கும் அரம், காது குடையும் பஞ்சுக் குச்சிகள் ஒரு டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய தின்னர். மேஜைக்குக் கீழே கம்ப்ரசர், அதற்குக் கீழே நான்காக மடித்த பழைய கம்பளி. கீழ்வீட்டுக்காரர் மத்தியானம் தூங்குவார், சத்தம் இறங்கக்கூடாது.

விமானம் எங்கே என்கிறீர்களா? அதோ, பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறாரே, அதற்குள். இப்போதைக்கு உடம்பு முழுக்கக் கறுப்பு.

ட்ரம்பீட்டர் நிறுவனத்தின் 1/32 கிட் இது. நிஜத்தில் ஓர் இறக்கை முனையிலிருந்து மறு முனைக்கு 7.15 மீட்டர். அதில் 32ல் ஒரு பங்கு என்றால் 22 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. பலரும் கட்டும் 1/72 அளவில் இதே இறக்கை 10 சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. பெரிது என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன அளவில் கண்ணுக்கே தெரியாத ஆணித்தலை, மூடி விளிம்பு, சீட் பெல்ட் எல்லாம் இங்கே ‘என்னைப் பார்’ என்று நிற்கும்.

ஏன் மிக்-21? இந்தக் கேள்விக்கு அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார். 1963ல் சண்டிகரில் 28வது ஸ்குவாட்ரனுக்கு முதல் மிக்-21கள் வந்தன. பிறகு நாசிக்கில் எச்.ஏ.எல். நிறுவனம் உரிமம் பெற்று இதைத் தயாரித்தது, இன்ஜின்கள் ஒடிசாவின் கோராபுட்டில் உருவாயின. 800க்கும் மேற்பட்ட மிக்-21கள் நம் விமானப்படையில் பறந்திருக்கின்றன. 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் விடைகொடுத்தார்கள். அன்று டிவி முன்னால் உட்கார்ந்தவர், பரணிலிருந்து இந்தப் பெட்டியை இறக்கிவிட்டார். “முதல்ல வந்த விமானங்க கலர் எதுவுமே இல்லாம, வெறும் உலோகப் பளபளப்போட வந்துச்சு. அதைத்தான் பண்ணணும்னு தோணுச்சு” என்கிறார். பச்சையும் பழுப்புமாக உருமறைப்பு வண்ணம் அடித்திருந்தால் பாதிக் குறை மறைந்திருக்கும். வெள்ளி எதையும் மறைக்காது. வேண்டுமென்றே கஷ்டமான வழியைப் பிடித்திருக்கிறார் மனிதர், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது!

இனி ஆரம்பத்துக்குப் போவோம். பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் பாகங்கள். ஒவ்வொன்றையும் நிப்பரால் கத்தரித்து, வெட்டிய தழும்பை அரத்தால் சீவி எடுக்க வேண்டும். ஒட்டும் திரவம் தண்ணீர் மாதிரி இருக்கிறது. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியை வைத்ததும் தானாகவே உள்ளே ஓடிவிடுகிறது. அது பிளாஸ்டிக்கை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அப்புறம் பிரிக்க நினைத்தால் உடைக்கத்தான் வேண்டும். கண்ணாடிப் பாகங்களுக்கு மட்டும் வேறு பசை. உடனடியாகப் பிடிக்கும் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி வெள்ளையாகப் பனி பூத்துவிடுமாம்.

விமானி உட்காரும் அறையை எட்டிப் பாருங்கள். சீட் பெல்ட் மாஸ்கிங் டேப்பில் வெட்டியது, கொக்கி மெல்லிய கம்பியில் வளைத்தது. மீட்டர்களுக்குப் பல்குத்தும் குச்சியின் நுனியால் வெள்ளைப் பொட்டு வைத்தது ஏழாவது படிக்கும் மகள். “அப்பாவுக்கு இப்ப படிக்கிற கண்ணாடி போட்டாலும் தெரியல, அதான் நான்” என்கிறாள் பெருமையாக. ஆரம்பகால மிக்-21ல் இந்தக் கண்ணாடிக் கூடு முன்பக்கமாக மேலே தூக்கித் திறக்கும். அவள் அதை விரல் நுனியால் திறந்து மூடிக் காட்டுகிறாள், அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மூக்கில் ஒரு ரகசியம் இருக்கிறது. மூன்று சக்கரத்தில் நிற்கும் இந்த மாதிரி, வால் பக்கம் கனம் கூடினால் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடும். அதனால் முன்னால் இருக்கும் கூம்புக்குள் எடை வைக்க வேண்டும். நிஜ விமானத்தில் வேகத்துக்கேற்ப முன்னும் பின்னும் நகர்ந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைச் சரிசெய்யும் அந்தக் கூம்புக்குள், அண்ணன் பழைய பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டுகளைப் போட்டு அரால்டைட் ஊற்றி அடைத்திருக்கிறார். ஓசூரில் பேரிங் குண்டுக்கா பஞ்சம்?

அடுத்தது தேய்ப்பு. இதுதான் யாருக்குமே தெரியாத வியர்வை. இரண்டு பாதிகள் சேரும் கோட்டில் பட்டி பூசி, காய்ந்ததும் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறார். 400, 800, 1500, 2000 என்று பேப்பர் மென்மையாகிக்கொண்டே போகிறது, அவர் விரல் நுனி ரேகை தேய்ந்துகொண்டே போகிறது. கம்பெனி வாசலில் கைரேகை வைக்கும் மெஷின் இரண்டு நாள் இவரை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லையாம்! சரியாகிவிட்டதா என்று பார்க்கக் கண்ணைத் திறப்பதில்லை, மூடிக்கொள்கிறார். கட்டைவிரலை மெதுவாக ஓட்டுகிறார். டூல் ரூமில் அச்சின் முகத்தைத் தடவிப் பார்க்கும் அதே விரல். இந்த ஊரின் கைகளுக்கு இந்த வேலை ஏற்கனவே தெரியும் என்று எனக்கு அப்போது பட்டது. லாரியும் பைக்கும் கைக்கடிகாரமும் செய்து பழகிய கைகள் அல்லவா!

விமானமும் இந்த ஊருக்குப் புதிதில்லை. பக்கத்திலேயே பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் ஓடுபாதை இருக்கிறது. 1990களில் பி-68 என்ற ஆறு இருக்கை இத்தாலிய விமானத்தை அங்கே தயாரித்தார்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. எலகங்காவில் இரண்டு வருடத்துக்கொரு முறை விமானக் கண்காட்சி. எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போனபோது, எல்லாரும் மாருத் போர்விமானத்தின் முன்னால் போட்டோவுக்கு நிற்க, அண்ணன் மட்டும் அதன் சக்கரத்துக்கு மேலே தலையை நீட்டி, உள்ளே குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். “நாப்பது போட்டோ இருக்கு. ஒண்ணுல கூட இவர் முகம் இல்ல” என்கிறார் அண்ணி.

சரி, இப்போது வெள்ளி அடிக்கும் நேரம். மூடியைத் தூக்குகிறார். கறுப்புப் பளபளப்பில் என் முகம் தெரிகிறது. வெள்ளிக்கு அடியில் கறுப்பு இருந்தால்தான் உலோகத்தின் ஆழம் வருமாம். எங்கேயாவது மயிரிழைக் கீறல் இருந்தாலும் இந்தக் கறுப்பு காட்டிக்கொடுத்துவிடும். தரையில் தண்ணீர் தெளித்தாயிற்று, தூசி எழும்பாது. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஜன்னலில் சமையலறைப் புகைபோக்கி விசிறி மட்டும் வெளியே காற்றைத் தள்ளுகிறது. மழை தூறுகிறதா என்று மகள் மொட்டைமாடிக்கு ஓடிப் பார்த்து வருகிறாள். காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் பெயின்ட் பால் மாதிரி வெளுத்துப்போகும். “இல்லப்பா, வெயில்தான்!”

முகமூடி மாட்டிக்கொள்கிறார். ஏர்பிரஷ் பேனா போல விரலிடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்ஸ்ஸ்... முதல் பூச்சில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாவதில் புகை படிந்த மாதிரி. மூன்றாவதில், ஐயோ, பிளாஸ்டிக் எங்கே போயிற்று? கண்முன்னால் அலுமினியத் தகடு! நான் கத்தியே விட்டேன், அண்ணி உதட்டில் விரல் வைத்து அடக்குகிறார்.

அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது. ஒரு நொடி எல்லாரும் சிலை. கம்ப்ரசரின் தொட்டியில் மிச்சமிருக்கும் காற்று தீர்வதற்குள் இடது இறக்கையை முடித்தாக வேண்டும். மகள் செல்போன் டார்ச்சைப் பிடிக்கிறாள், அண்ணன் நெற்றியில் வழியும் வியர்வை விமானத்தில் சொட்டிவிடாமல் அண்ணி பின்னாலிருந்து துண்டால் ஒற்றுகிறார். ஒரு குடும்பமே சேர்ந்து ஒரு குட்டி இறக்கைக்கு வண்ணம் அடிப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இறக்கை முடிந்தது, காற்றும் முடிந்தது. கைதட்டல்!

காய்ந்த பிறகு டேப் ஒட்டி மறைத்து, தகடு தகடாக வேறுவேறு வெள்ளி. இன்ஜின் இருக்கும் பின்பகுதிக்குச் சூட்டில் கருகிய நிறம். அப்புறம் விமானப்படையின் வட்டச் சின்னம். வீட்டு பிரின்டரில் ஸ்டிக்கர் அடிக்கலாமே என்றேன். பிரின்டருக்கு வெள்ளை மை கிடையாதே! வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்ற வளையத்தில் வெள்ளைக்கு என்ன செய்வது? அதனால் காம்பஸில் பிளேடு மாட்டி டேப்பை வட்டமாக வெட்டுகிறார். முதலில் முழு வட்டமும் வெள்ளை, பிறகு நடுவில் பச்சை, கடைசியில் இரண்டையும் மூடிவிட்டு வெளி வளையத்துக்குக் காவி. டேப்பை நேராக வெள்ளி மேல் ஒட்டுவதில்லை, முதலில் தன் பேன்டில் நாலு தடவை ஒட்டிப் பிய்க்கிறார். பிசின் குறைந்தால்தான் அடியில் இருக்கும் பெயின்ட் உரிந்து வராது. அவருடைய எல்லா பேன்டிலும் தொடைப்பக்கம் வெளுத்திருக்கும் காரணம் இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் பாய் வருகிறார். ராயக்கோட்டை ரோடு பக்கம் லாரி பெயின்டிங் ஷெட், முப்பது வருட அனுபவம். அண்ணனுக்குப் பட்டி பார்க்கவும் ரப்பிங் பண்ணவும் சொல்லிக்கொடுத்த குரு அவர்தான். குனிந்து, விமானத்தைத் தொடாமல், ஜன்னல் வெளிச்சம் உடம்பில் எப்படி விழுகிறது என்று பார்க்கிறார். நாங்கள் எல்லாரும் அவர் வாயைப் பார்க்கிறோம்.

“வலது பக்கம் வால்கிட்ட ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு தெரியுது தம்பி. மத்தபடி லாரிக்கே நான் இப்படி அடிச்சதில்ல.”

அண்ணன் முகத்தில் பூத்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! அதே சிரிப்போடு 2000 பேப்பரைத் தேடி எடுத்துவிட்டார்.

பாய்க்கோ கண் முழுக்க ஏர்பிரஷ் மேலேதான். “இத்துணூண்டு கன்னா? ஒரு தடவை குடுங்க” என்று வாங்கி, கயிற்றிலிருந்து ஒரு கரண்டியைக் கழற்றி அடிக்கிறார். லாரிக் கதவுக்குப் பழகிய கை, பட்டனை முழுசாக அமுக்கிவிட்டது. கரண்டியிலிருந்து வெள்ளி சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிகிறது, மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இரண்டாவது கரண்டியில் தடித்த ஒரு கோடு. மூன்றாவதில், மூச்சடக்கி, ‘786’ என்று எழுதிவிட்டார்! ஒவ்வொரு எண்ணும் அரிசி அளவு, ஒழுகல் ஒன்றுகூட இல்லை.

“இது எங்க கிடைக்கும், என்ன விலை?” என்கிறார் பாய். நம்பர் பிளேட்டுக்கும் லாரி முகப்பில் பெயர் எழுதவும் இதைத்தான் இனி வாங்கப்போகிறாராம். அண்ணன் பேனாவை எடுத்து, பெங்களூரில் கிட் வாங்கும் கடையின் முகவரியை மாஸ்கிங் டேப்பில் எழுதி அவர் சட்டைப் பையில் ஒட்டிவிடுகிறார்.