ஒன்பதில் ஐந்து

நம் உடம்பின் செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மேற்பரப்பில் ஏந்திக் காட்டியபடியே இருக்கின்றன. ஒரு துண்டில் பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலங்கள். ரோந்து வரும் டி செல்கள் அவற்றைத் தடவிப் பார்க்கும். பழகிய துண்டென்றால் நகர்ந்துவிடும். வைரஸின் துண்டென்றால் அதை ஏந்தி நிற்கும் செல்லையே கொன்றுவிடும்.

புற்றுச்செல்கள் நம் உடம்பிலேயே முளைத்தவை. அதனால் டி செல்களுக்கு எளிதில் தப்பிவிடுகின்றன. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து, புற்றை இனங்காணும் புதிய ஏற்பியை மரபணு வழியாகப் பொருத்தி, கோடிக்கணக்கில் பெருக்கி மீண்டும் ஏற்றுவதுதான் புதிய சிகிச்சை. இதன் ஒரு கிளையான 'கார்-டி'யால், மற்ற சிகிச்சைகள் பலிக்காத ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் பலர் பிழைத்திருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. அதனால்தான் இன்னொரு கிளையில் நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேஜ்-ஏ3 என்ற புரதம் மெலனோமா, மயலோமா போன்ற புற்றுகளில் தென்படும். ஆரோக்கியமான உடம்பிலோ விந்தகம் போன்ற ஓரிரு இடங்களைத் தவிர எங்கும் இராது. குறிவைக்க இதைவிட நல்ல இலக்கு ஏது? அதைப் பற்றும் ஏற்பியின் பிடியை ஆய்வகத்தில் இன்னும் கூர்தீட்டினார்கள். அமெரிக்காவில் நடந்த சோதனையில் முதல் இரண்டு நோயாளிகளும், செல்கள் ஏற்றப்பட்ட சில நாட்களிலேயே இதயம் செயலிழந்து இறந்துபோனார்கள். இதயத் தசைக்குள் டி செல்கள் புகுந்திருந்தன. ஆனால் அங்கே மேஜ்-ஏ3 இல்லை.

ஏற்பி குறிவைத்த மேஜ்-ஏ3 துண்டின் ஒன்பது அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, ஏற்பி எவற்றைப் பற்றுகிறது என்று கண்டார்கள். அதே அமைப்பை மற்ற மனிதப் புரதங்களில் தேடியபோது அகப்பட்டது டைட்டின். தசைக்குள் சுருள்வில் போல இழுபட்டுச் சுருங்கும் புரதம் அது. சுமார் 34,000 அமினோ அமிலங்களோடு, மனித உடம்பின் புரதங்களிலேயே மிகப் பெரியது. அதில் ஓரிடத்தில் வரும் ஒன்பதில் முதலாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஒன்பதாவது என ஐந்து மட்டும் புற்றுத் துண்டோடு ஒத்திருந்தன. கூர்தீட்டிய ஏற்பிக்கு அந்த ஐந்தே போதுமாயிற்று.

இயற்கையாக உருவாகும் டி செல்களுக்கு, நெஞ்செலும்பின் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கண்டிப்பான தேர்வு உண்டு. சொந்தத் திசுவை இறுகப் பற்றுபவை பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படும். ஆய்வகத்தில் தீட்டிய ஏற்பி அந்தத் தேர்வை எழுதவே இல்லை. மாத்திரையென்றால் நிறுத்திவிடலாம், டி செல் உயிருள்ளது, உள்ளே போனபின் தானே பெருகும்.

முன்கூட்டியே சோதிக்காமலும் இல்லை. துடிக்காத இதயச் செல்கள் ஆபத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. பின்னர், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த, தட்டிலேயே துடிக்கும் இதயச் செல்களோடு சேர்த்து வைத்தபோதுதான் டி செல்கள் அவற்றைத் தாக்கிக் கொன்றன. 2013இல் இந்த முடிவுகள் வெளியாயின. துடிக்கும் செல்களோடு ஒரு முறை வைத்துப் பார்க்காமல், ஒத்த துண்டு வேறெங்கும் இருக்கிறதா என்று மனிதப் புரதங்கள் முழுவதிலும் தேடாமல், கூர்தீட்டிய எந்த ஏற்பியையும் இனி ஒரு நோயாளிக்கு ஏற்றக் கூடாது.