யாருக்கு எந்த வார்டு?

கைகளை முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்கிறார் நர்ஸ். பார்வைக்கு நடுக்கம் எதுவும் இல்லை. தன் விரல்நுனியை நோயாளியின் விரல்நுனியோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறார். மெல்லிய அதிர்வு தட்டுப்படுகிறது. அதற்கு மதிப்பெண் 1. நீட்டிய கை ஓரளவு ஆடினால் 4. நீட்டாமலே கடுமையாக உதறினால் 7. குடியை நிறுத்தியவரின் உடல் எந்த அளவுக்குக் கொந்தளிக்கிறது என்று அளக்கும் ‘சீவா’ அட்டவணையில் இது ஒரு வரிதான். வியர்வை, குமட்டல், பதற்றம், தோலில் ஏதோ ஊர்வதுபோன்ற உணர்வு என மொத்தம் 10 வரிகள். உச்ச மதிப்பெண் 67.

மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா, கட்டிலில் சேர்க்க வேண்டுமா என்ற முடிவுக்கு இந்த எண் உதவும். ஆனால் புதிதாகப் பயிற்சிக்கு வருபவர் சறுக்குவதும் இங்கேதான். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம்கூட ஆகாதவருக்கு மதிப்பெண் குறைவாகவே வரும். மனக்குழப்பமும் காய்ச்சலும் கலந்து உயிருக்கே உலைவைக்கும் ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ பெரும்பாலும் இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் வருகிறது. ஆகவே கையைப் பார்த்தால் மட்டும் போதாது. கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்றும் கேட்டாக வேண்டும்.

ஹெராயின் விஷயத்தில் கதை தலைகீழ். அதை விட்டவர் படும் பாட்டைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தோன்றும். ஆனால் அந்த வேதனை உயிரைப் பறிப்பது அரிது. ஆபத்து பிறகு வருகிறது. சில நாள் விட்டிருந்தாலே உடலின் தாங்குசக்தி இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுபோகலாம். மருந்தில்லாமல் ஒரு வாரம் படுக்கவைத்து ‘சுத்தமாக்கி’ அனுப்புவதைவிட, புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைக் கொடுத்து வேலைக்குப் போகவிட்டபடியே புறநோயாளியாகப் பார்ப்பது பலருக்குப் பாதுகாப்பானது.

அமெரிக்காவில் நெடுங்காலம் இந்த நுணுக்கங்களுக்கு இடமே இருக்கவில்லை. 1950-களில் மின்னசோட்டாவில் உருவான சிகிச்சை முறை நாடெங்கும் பரவியபோது, 28 நாள் தங்கல் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. யார் வந்தாலும் 28 நாள். அமெரிக்கப் போதைநோய் மருத்துவச் சங்கம் 1991-ல் வெளியிட்ட வழிகாட்டிதான் ஆளைப் பார்த்து இடத்தைத் தீர்மானிக்கும் வழக்கத்துக்கு அடித்தளம் போட்டது. போதையை நிறுத்தியதும் வரும் விலகல் அறிகுறிகள், பிற உடல்நோய்கள், மனநிலை, மாறும் விருப்பம், மறுபடி விழும் வாய்ப்பு, வசிக்கும் சூழல் என்று ஆறு கோணங்களில் ஒருவரை எடைபோடச் சொன்னது அது. பிறகு வாரத்துக்குச் சில மணி நேர ஆலோசனை, வாரம் 9 மணிக்குக் குறையாத தீவிரப் புறநோயாளிச் சிகிச்சை, தங்கும் மையம், மருத்துவமனை என்ற படிகளில் எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

தினமும் ஒரே அளவு குடிக்கும் இருவரை வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு வேலை இருக்கிறது, குடிக்காத மனைவி இருக்கிறார், வலிப்பு வந்ததில்லை. முதல் படியே போதுமானதாக இருக்கலாம். மற்றவர் உடலளவில் இவரைவிடத் தெம்பானவர். ஆனால் இரவில் தங்குவது சரக்கு விற்கும் நண்பனின் அறையில். அவருக்கு முதல் தேவை டாக்டர் அல்ல, வேறு கூரை.

அந்த வழிகாட்டியின் 2023-ல் வந்த நான்காம் பதிப்பு, மாறும் விருப்பத்தைத் தனிக் கோணமாக வைப்பதைக் கைவிட்டது. நல்ல காரியம் என்றுதான் சொல்வேன். ‘இவருக்கு இன்னும் மனம் வரவில்லை’ என்று எழுதி ஆளை ஒதுக்குவது ரொம்பச் சுலபம். இப்போது ஆறாவது கோணம், நோயாளி எதை விரும்புகிறார், எதற்குச் சம்மதிப்பார், வேலையா பிள்ளையா பஸ் வசதியா, எது குறுக்கே நிற்கிறது என்று அவரிடமே கேட்கச் சொல்கிறது.

எதைப் பொருத்தினாலும் பலன் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 1,726 குடிநோயாளிகளைச் சேர்த்து நடத்திய ‘ப்ராஜெக்ட் மேட்ச்’ ஆய்வு, மூன்று வகை மனச்சிகிச்சைகளை ஆளுக்கேற்பப் பொருத்திப் பார்த்தது. மூன்றிலும் பலர் தேறினார்கள். பொருத்தியதால் கூடுதல் லாபம் ஏறக்குறைய இல்லை என்று 1997-ல் முடிவு வந்தது. ஆனால் அது சிகிச்சையின் வகையைப் பற்றியது. எத்தனை மணி நேரம், எந்தக் கூரையின் கீழ், டாக்டர் பக்கத்தில் வேண்டுமா என்ற கேள்விகளை அந்த முடிவு தொடவில்லை.

இதையெல்லாம் ஒருவருக்குக் கற்றுத்தருவது எப்படி? படிவத்தை நிரப்ப ஒரு நாளில் பழகிவிடலாம். வலிப்பு வந்ததையும், நேற்று காலையிலேயே குடித்ததையும் நோயாளி வாய்விட்டுச் சொல்லும்படி பேசப் பழகுவதுதான் கஷ்டம். அப்படிப் பேசும் ஒரு முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் மில்லர், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 140 சிகிச்சையாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, அந்த முறையைக் கற்பிக்கும் வழிகளை ஒப்பிடும் ஓர் ஆய்வு நடத்தினார். முடிவு 2004-ல் வெளியானது. பட்டறையில் மட்டும் கலந்துகொண்டவர்களின் முன்னேற்றம் நிலைக்கவில்லை. உரையாடல் பதிவுகளைக் கேட்டு யாராவது குறை நிறை சொன்னாலோ, தொலைபேசியில் தொடர்ந்து வழிகாட்டினாலோ, கற்றது நான்கு மாதம் கழித்தும் தங்கியிருந்தது.

பதிவைக் கேட்பவர் கவனிப்பது சின்ன விஷயங்களை. கேள்விமேல் கேள்வியாக அடுக்கினாரா, நோயாளி சொன்னதைத் திருப்பிச் சொல்லி அவரை மேலே பேசவிட்டாரா என்று எண்ணுகிறார். இதற்கு அனுபவசாலி ஒருவர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அவருக்குச் சம்பளம் தர வேண்டும். இரண்டு நாள் பட்டறையும் ஒரு சான்றிதழும் அதைவிட மலிவு.